பிறர் ஓவியம் காத்த பெருந்தகை

நுழையும்முன்

தாம் படைத்தவற்றைப் போற்றுவோர் பலர். பிறர் படைத்தவற்றின் அருமையை உணர்ந்து, அவற்றைக் காக்கத் தம் பொருளையும் உழைப்பையும் தருவோர் சிலரே. ஊரே எள்ளி நகைத்த ஓவியங்களை விலை கொடுத்து வாங்கித் தம் நாட்டுக்கே விட்டுச்சென்ற ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

ஒரே ஆறு, இரண்டு ஓவியங்கள்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசின் நடுவே சேன் என்னும் ஆறு வளைந்து ஓடுகிறது. அதன் கரையில் ஓர்சே அருங்காட்சியகம் அமைந்துள்ளது. முன்பு தொடர்வண்டி நிலையமாக விளங்கிய அக்கட்டடம், 1986 ஆம் ஆண்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதற்குரிய ஓவியங்களுள் இரண்டு, சேன் ஆற்றில் மிதக்கும் பாய்மரப் படகுகளைக் காட்டுவன. இரண்டும் பாரிசுக்கு வடமேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அர்ஜாந்தேய் என்னும் ஊரில் வரையப்பட்டவை.

அவற்றுள் ஒன்றை வரைந்தவர் உலகறிந்த ஓவியர் குளோத் மோனே. மற்றொன்றை வரைந்தவர் குஸ்தாவ் கைபோத். மோனேயின் அவ்வோவியத்தை விலைக்கு வாங்கிப் பாதுகாத்து, நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிமையாக்கியவரும் இந்தக் கைபோத்தே ஆவார்.

இளமை

குஸ்தாவ் கைபோத் 1848 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19 ஆம் நாள் பாரிசில் பிறந்தார். அவருடைய தந்தையார், படைவீரர்களுக்குத் தேவையான போர்வை முதலிய துணிவகைகளை அரசுக்கு வழங்கும் வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1860 ஆம் ஆண்டில் பாரிசுக்குத் தென்கிழக்கே யேர் என்னும் ஊரில் ஒரு தோட்ட வீட்டை அவர் வாங்கினார். அத்தோட்டத்தை ஒட்டி ஒரு சிற்றாறு ஓடியது. கோடைக்காலத்தை அங்கே கழித்த குஸ்தாவுக்கும் அவருடைய தம்பியருக்கும் படகு இளமையிலேயே தோழனாயிற்று.

கைபோத் சட்டம் பயின்று 1870 ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். அவ்வாண்டிலேயே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டது. இளைஞர் பலரைப் போலவே அவரும் படையில் சேர்ந்து பணியாற்றினார். போர் முடிந்தபின் அவர் வழக்கறிஞர் தொழிலுக்குச் செல்லவில்லை. லெயோன் பொன்னா என்னும் ஓவியரிடம் பயிற்சி பெற்றார். 1873 ஆம் ஆண்டில் பாரிசு நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1874 ஆம் ஆண்டின் இறுதியில் தந்தையார் மறைந்தார். பெருஞ்செல்வம் மைந்தர்களுக்கு வந்தது. வயிற்றுப்பாட்டுக்காக உழைக்க வேண்டிய நிலை கைபோத்துக்கு இல்லை. ஆயினும் அவர் சோம்பியிருக்கவும் இல்லை.

மறுக்கப்பட்ட ஓவியம்

அக்காலத்தில் பாரிசில் 'சலோன்' என்னும் பெரிய ஓவியக் கண்காட்சி நடைபெற்று வந்தது. அதில் இடம்பெற்றால்தான் ஓர் ஓவியருக்குப் பெயரும் கிடைக்கும், வாங்குவோரும் கிடைப்பர். எந்த ஓவியத்தை ஏற்பது, எதனை விலக்குவது என்பதை நடுவர் குழு ஒன்று முடிவு செய்தது. புராணக் கதைகள், வரலாற்று நிகழ்ச்சிகள், பெருமக்களின் உருவங்கள் ஆகியவற்றை வழுவழுப்பாகத் தீட்டிய ஓவியங்களையே அக்குழுவினர் பெரிதும் விரும்பினர்.

1875 ஆம் ஆண்டில் கைபோத் ஓர் ஓவியத்தை அக்குழுவுக்கு அனுப்பினார். ஒரு வீட்டின் மரத்தளத்தை மூன்று தொழிலாளர்கள் மண்டியிட்டு இழைக்கின்றனர். அவர்கள் மேலாடை அணியவில்லை. சன்னல் வழியே வரும் ஒளி அவர்களின் முதுகிலும் தளத்திலும் பட்டு மின்னுகிறது. சீவிய மரச்சுருள்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. நாள்தோறும் பாரிசில் நடக்கும் ஓர் எளிய வேலையைக் கண்டது கண்டவாறே அவர் தீட்டியிருந்தார். நடுவர்கள் அதனை ஏற்கவில்லை. 'மரத்தளம் இழைப்போர்' என்னும் அவ்வோவியம் திருப்பி அனுப்பப்பட்டது.

புதிய ஓவியர் கூட்டம்

கைபோத்துக்கு முன்பே வேறு சில இளம் ஓவியர்களும் சலோனின் கதவு அடைபட்டதைக் கண்டிருந்தனர். மோனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லி ஆகியோர் அவர்களுள் சிலர். அவர்கள் ஓவியத்தை வீட்டுக்குள்ளே வரைந்து முடிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, ஆற்றங்கரைக்கும் வயல்வெளிக்கும் சென்று வரைந்தனர். வெள்ளீயக் குழாய்களில் அடைத்த வண்ணங்கள் 1841 ஆம் ஆண்டு முதல் வழக்கில் வந்திருந்தன. வண்ணங்களை எளிதில் எடுத்துச் செல்ல முடிந்ததால், வெளியில் வரைவதும் எளிதாயிற்று.

வெயில் ஒவ்வொரு நொடியும் மாறும். நீரின் நிறமும் அதனோடு மாறும். அம்மாற்றத்தைப் பிடிக்க வேண்டுமாயின் கையும் விரைய வேண்டும். ஆகவே அவர்கள் வண்ணங்களைக் குழைத்து வழுவழுப்பாக்காமல், தனித்தனித் தீற்றல்களாக விரைந்து வைத்தனர். அருகில் நின்று பார்த்தால் தீற்றல்கள் மட்டுமே தெரியும். சற்று விலகி நின்றால் ஆறு ஒளிரும், படகு அசையும்.

மோனே 1871 ஆம் ஆண்டின் இறுதியில் அர்ஜாந்தேயில் குடியேறினார். அங்கே சேன் ஆறு அகன்றும் நேராகவும் ஓடுவதால் பாய்மரப் படகுப் போட்டிகளுக்கு அவ்விடம் புகழ்பெற்றிருந்தது. பாரிசிலிருந்து தொடர்வண்டியில் விரைவாக வந்துவிடலாம். மோனே ஒரு படகையே ஓவியக்கூடமாக்கிக்கொண்டு, அதில் அமர்ந்து ஆற்றை வரைந்தார். ஏறத்தாழ 1872 இல் அவர் தீட்டிய 'அர்ஜாந்தேய்ப் படகுப் போட்டி' என்னும் ஓவியத்தில், வெண்ணிறப் பாய்களும் கரையோர வீட்டின் செந்நிறக் கூரையும் நீரில் அகன்ற வண்ணப் பட்டைகளாக உடைந்து தோன்றுகின்றன.

1874 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் இவ்வோவியர்கள் தாமே ஒரு கண்காட்சியை நடத்தினர். மோனே தம் ஓவியம் ஒன்றுக்கு 'மனப்பதிவு, கதிரவன் எழுச்சி' எனப் பெயரிட்டிருந்தார். லூயி லெருவா என்னும் இதழாளர் அப்பெயரிலுள்ள முதற்சொல்லைப் பற்றிக்கொண்டு, அவர்கள் அனைவரையும் மனப்பதிவு ஓவியர்கள் எனக் கேலி செய்து எழுதினார். எள்ளலாகச் சூட்டப்பட்ட அப்பெயரே பின்னர் அவர்களின் புகழ்ப்பெயராயிற்று.

சலோனால் மறுக்கப்பட்ட 'மரத்தளம் இழைப்போர்' ஓவியத்தைக் கைபோத் 1876 ஆம் ஆண்டில் இவர்களின் இரண்டாம் கண்காட்சியில் வைத்தார். அன்று முதல் அவர் அக்கூட்டத்தில் ஒருவரானார்.

28 வயதில் ஓர் உயில்

1876 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் தொடக்கத்தில் கைபோத்தின் தம்பி ரெனே, முப்பது வயதையும் எட்டாமல் திடீரென இறந்தார். அத்துயரம் கைபோத்தை உலுக்கியது. தமக்கும் நெடிய வாழ்நாள் வாய்க்காது என்னும் எண்ணம் அவருள் எழுந்தது. தம்பி மறைந்த சில நாள்களிலேயே அவர் உயில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 28.

அவ்வுயில் வியப்புக்குரியது. நண்பர்களின் ஓவியங்களாகத் தாம் வாங்கிச் சேர்த்தவற்றை எல்லாம் பிரான்சு அரசுக்கே அவர் எழுதி வைத்தார். அவற்றைப் பரணில் போட்டு வைக்கக் கூடாது. தொலைவூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடவும் கூடாது. வாழும் ஓவியர்களின் படைப்புகளுக்குரிய லுக்சம்பர்க் அருங்காட்சியகத்தில் முதலில் வைத்து, பின்னர் லூவர் அருங்காட்சியகத்தில் சேர்க்க வேண்டும் என நிபந்தனையும் விதித்தார். மக்கள் இவற்றைப் புரிந்துகொள்ள இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். அதுவரை தம் குடும்பத்தார் அவற்றைக் காத்துவர வேண்டும் எனக் குறித்தார். நண்பர்களின் அடுத்த கண்காட்சிக்கு வேண்டிய பணத்தையும் தம் செல்வத்திலிருந்து எடுக்குமாறு எழுதினார்.

அந்நாளில் அவ்வோவியங்களை விரும்பி வாங்குவோர் மிகச் சிலரே. ஊரார் நகைத்த படங்களை, நாட்டின் தலைசிறந்த அருங்காட்சியகத்துக்கு உரியவை எனக் கைபோத் நம்பினார். தாம் வரைந்த ஓவியம் ஒன்றையேனும் அவர் அக்கொடையில் சேர்க்கவில்லை.

தோள் கொடுத்த தோழர்

1877 ஆம் ஆண்டில் நடைபெற்ற மூன்றாம் கண்காட்சிக்குக் கைபோத்தே பெருந்துணையாக நின்றார். இடத்தை வாடகைக்கு எடுப்பது, ஓவியங்களைத் திரட்டுவது, சுவரில் முறையாக மாட்டுவது என எல்லாப் பணிகளிலும் முன்னின்றார். அக்கண்காட்சியில்தான் அவருடைய புகழ்மிக்க 'பாரிசுத் தெரு, மழைநாள்' என்னும் ஓவியம் வைக்கப்பட்டது. இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய அவ்வோவியத்தில், குடைபிடித்த மக்கள் ஈரக் கற்கள் பதித்த தெருவில் நடந்து செல்கின்றனர்.

மோனே வறுமையில் வாடிய நாள்களில் கைபோத் அவருடைய வீட்டு வாடகையைச் செலுத்த உதவினார். கையில் பணமாகக் கொடுத்தால் நண்பரின் மனம் நோகக்கூடும். ஓவியத்தை வாங்கினாலோ, நண்பருக்கு உதவியும் கிடைக்கும், மதிப்பும் குன்றாது. இவ்வாறே பிசாரோ, ரெனுவார், சிஸ்லி, தெகா, செசான், மானே ஆகியோரின் படைப்புகளும் அவரிடம் சேர்ந்தன.

ஆறும் படகும்

1881 ஆம் ஆண்டில், அர்ஜாந்தேய்க்கு எதிர்க்கரையிலுள்ள பெத்தி ஜென்வில்லியே என்னும் இடத்தில் கைபோத் நிலமும் வீடும் வாங்கினார். பாரிசுப் பாய்ப்படகுச் சங்கத்தின் துணைத்தலைவராகவும் விளங்கினார். படகில் செல்வதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. படகு எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய்ந்தார். காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒருபுறம் சாயும். அதன் அடியில் கனம் இருந்தால்தான் கவிழாமல் நிமிரும். கனம் மிகுந்தாலோ விரைவு குறையும். இக்கணக்குகளை எல்லாம் நுட்பமாக ஆய்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட படகுகளை அவரே வடிவமைத்தார். அவற்றுள் சிலவற்றைத் தாமே செலுத்திப் போட்டிகளில் வெற்றியும் பெற்றார்.

அவர் கைவைத்த எதிலும் இந்நுட்பம் விளங்கியது. தம்பி மார்சியலுடன் சேர்ந்து அவர் திரட்டிய அஞ்சல்தலைகள் இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. வீட்டைச் சூழ்ந்த தோட்டத்தில் அரிய பூஞ்செடிகளை வளர்த்தார்.

ஏறத்தாழ 1888 ஆம் ஆண்டில் 'அர்ஜாந்தேயில் பாய்மரப் படகுகள்' என்னும் ஓவியத்தை அவர் தீட்டினார். படகுத்துறையை ஒட்டிப் படகுகள் கட்டப்பட்டுள்ளன. பாய்மரங்கள் வானை நோக்கி நெட்டுயர்ந்து நிற்கின்றன. அவற்றின் நிழல்கள் நீரில் நெளிந்து உடைகின்றன. தொலைவில் பாலம் தெரிகிறது. மோனேயின் ஓவியத்தில் பாய்கள் ஒளியின் துண்டுகளாகத் தோன்றும். கைபோத்தின் ஓவியத்தில் பாய்மரமும் கயிறும் தத்தம் இடத்தில் சரியாக நிற்கும். ஒருவர் ஆற்றின் ஒளியைக் கண்டவர். மற்றவர் அவ்வொளியோடு படகின் உறுப்புகளையும் கையால் தொட்டு அறிந்தவர்.

தயங்கிய அரசு

1894 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21 ஆம் நாள், நுரையீரல் நோயால் கைபோத் தம் ஆற்றங்கரை வீட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 45. நெடுநாள் வாழமாட்டோம் என்று இளமையில் அவர் அஞ்சியது மெய்யாயிற்று. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு நண்பர் ரெனுவாரிடம் வந்தது.

அறுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை விலையின்றிப் பெற அரசு மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அதிகாரிகள் தயங்கினர். லுக்சம்பர்க் அருங்காட்சியகத்தில் அனைத்தையும் மாட்ட இடமில்லை என்றனர். நுண்கலைக் கழகத்துப் பெரியோர் இக்கொடையை வெளிப்படையாக எதிர்த்தனர். இத்தகைய ஓவியங்களை அரசு ஏற்பது நாட்டுக்கே இழுக்கு என அவர்கள் கருதினர்.

ரெனுவாரும் மார்சியலும் இக்கட்டில் சிக்கினர். அனைத்தையும் ஏற்றே ஆக வேண்டும் என வற்புறுத்தினால் அரசு அனைத்தையும் விலக்கிவிடக்கூடும். சிலவற்றை மட்டும் தர இசைந்தால் மறைந்தவரின் விருப்பம் முழுமையாக நிறைவேறாது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பேச்சு நடந்தது. முடிவில், அரசு தேர்ந்தெடுப்பவற்றை மட்டும் கொடுக்க அவர்கள் உடன்பட்டனர். பரணில் அடைபடுவதை விட, பாதியேனும் மக்கள் கண்ணில் படுவது நன்று என அவர்கள் எண்ணினர் போலும்.

1896 ஆம் ஆண்டில் ஏறத்தாழ நாற்பது ஓவியங்களை அரசு ஏற்றது. தெகாவின் 7 ஓவியங்களும் ஏற்கப்பட்டன. பிசாரோவின் 18 ஓவியங்களுள் 7 மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டன. மோனேயின் 'அர்ஜாந்தேய்ப் படகுப் போட்டி' ஏற்கப்பட்டவற்றுள் ஒன்று. எஞ்சியவை குடும்பத்தாரிடமே திரும்பின. 1897 ஆம் ஆண்டில் லுக்சம்பர்க் அருங்காட்சியகத்தில் இவ்வோவியங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

தம் ஓவியம் எதனையும் கைபோத் சேர்க்கவில்லை என்று கண்டோம் அல்லவா? அக்குறையை நண்பரும் தம்பியும் போக்கினர். 'மரத்தளம் இழைப்போர்' ஓவியத்தை அவர்கள் அரசுக்கு வழங்கினர். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் சலோன் திருப்பி அனுப்பிய அதே ஓவியம், இப்போது அரசு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது.

காலம் வழங்கிய தீர்ப்பு

கைபோத்தின் கொடை 1929 ஆம் ஆண்டில் லூவர் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. உயில் எழுதி 53 ஆண்டுகளுக்குப் பின் அவர் கனவு நனவாயிற்று. இன்று அவ்வோவியங்கள் ஓர்சே அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வங்களாகத் திகழ்கின்றன. அரசு அன்று விலக்கியவற்றுள் பல கடல் கடந்து சென்றுவிட்டன.

நண்பர்களின் புகழ் உலகெங்கும் பரவிய போது, கைபோத் ஓர் ஓவியர் என்பதையே பலர் மறந்தனர். ஓவியங்களை வாங்கிச் சேர்த்த செல்வர் என்றே அவரைக் குறிப்பிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அவருடைய ஓவியத்திறன் மீண்டும் உணரப்பட்டது. 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ ஓவியக்கூடம் 'பாரிசுத் தெரு, மழைநாள்' ஓவியத்தை வாங்கியது. அதன்பின் அவர் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது.

மோனேயின் படகுகளும் கைபோத்தின் படகுகளும் இன்று ஒரே அருங்காட்சியகத்துக்கு உரியவை. நண்பரின் படகுகளுக்கு அங்கே இடம் தேடித் தந்தவர் கைபோத். தமக்கென இடம் கேளாத அவருடைய படகுகளும், காலம் கடந்து, அங்கேயே கரைசேர்ந்தன.

சொல்லும் பொருளும்

எள்ளல் – கேலி
தீற்றல் – தூரிகையால் வைக்கும் வண்ணக் கோடு
இழைத்தல் – மரத்தைச் சீவி வழுவழுப்பாக்குதல்
உயில் – இறந்தபின் தம் உடைமை யாருக்கு உரியது என எழுதி வைக்கும் ஆவணம்
இழுக்கு – குறை, அவமதிப்பு
இக்கட்டு – நெருக்கடி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மனப்பதிவு ஓவியர்கள் என்னும் பெயர் எவ்வாறு தோன்றியது?
2. அர்ஜாந்தேய் படகுப் போட்டிகளுக்கு ஏற்ற இடமாக விளங்கியது ஏன்?
3. குழாய்களில் அடைத்த வண்ணங்கள் ஓவியர்களுக்கு எவ்வாறு உதவின?

ஆ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. கைபோத் தம் உயிலில் விதித்த நிபந்தனைகள் யாவை?
2. மோனே, கைபோத் இருவரின் படகு ஓவியங்களும் எவ்வாறு வேறுபடுகின்றன?

இ. சிந்தித்து எழுதுக.
ரெனுவாரும் மார்சியலும் சில ஓவியங்களை மட்டும் கொடுக்க உடன்பட்டது சரியா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
1. பெருஞ்செல்வம்
2. ஆற்றங்கரை
3. அவ்வோவியம்

உ. செய்து பார்க்க.
நீங்கள் வாழும் ஊரிலுள்ள ஓர் ஆற்றையோ ஏரியையோ காலையிலும் மாலையிலும் உற்றுநோக்குக. நீரின் நிறத்தில் கண்ட மாற்றங்களைப் பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி, ஓவியமும் வரைக.